கிரீஸ் போட எவ்வளவு நேரம் ஆகும்?

அன்புள்ள தம்பிக்கு,

சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தில், விமானத் தகுதிப் பிரிவில் சேர்ந்துவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். இனி மாதாமாதம் விமான நிறுவனங்களின் ரிலையபிலிட்டி ரிப்போர்ட் உன் மேஜைக்கு வரும். ஆயிரம் பறப்பு மணிக்கு எத்தனை ஸ்னாக் (பழுதுப் புகார்), நூறு புறப்பாட்டுக்கு எத்தனை தாமதம் என்று கலர் கலராகக் கோடு போட்டிருப்பார்கள். சிவப்புக் கோட்டைத் தாண்டாதவரை எல்லாம் சுகம் என்று முதல் இரண்டு வருஷம் நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சிவப்புக் கோடு எங்கிருந்து வந்தது என்று முதலில் கேள். அலர்ட் லெவல் எனப்படும் அந்தக் கோடு பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் போன வருஷக் கணக்கிலேயே பிறப்பது. 12 மாதச் சராசரி, அதற்குமேல் ஸ்டாண்டர்டு டீவியேஷனில் இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ. போன வருஷம் மோசமாகப் பராமரித்தவருக்கு இந்த வருஷம் கோடு தானாக மேலே ஏறிவிடும். தோற்ற பையனுக்காகப் பாஸ் மார்க்கைக் குறைத்த கதைதான். மூன்றே விமானம் வைத்திருக்கும் சிறிய ஆபரேட்டரிடம் சராசரியும் உதவாது. அங்கே பைலட்டுகள் பழுதை எழுதும் டெக் லாக்கை எடுத்துவைத்து ஒவ்வொரு ஸ்னாக்காகப் படிக்க வேண்டியதுதான்.

நான் கோட்டைவிட்ட ஒன்றைச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஒரு விமானத்தில் சில நாள் ‘பேக் ட்ரிப்’ (குளிரூட்டும் யூனிட் தானாக நின்றது), சில நாள் ‘பிளீட் ட்ரிப்’ (எஞ்சினிலிருந்து வரும் காற்று தானாக அடைபட்டது) என்று பைலட்டுகள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். பதில் எப்போதும் ஒன்றுதான்: ரீசெட் செய்யப்பட்டது, தரைச் சோதனையில் சரி. முதலாவது, பழுதுகளை வகை பிரிக்கும் ஏ.டி.ஏ. பட்டியலின் 21-ஆம் அத்தியாயத்தில், குளிரூட்டும் கணக்கில் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது 36-இல், காற்றுக் குழாய்க் கணக்கில். இரண்டும் கோட்டுக்குக் கீழேயே இருந்தன. நானும் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். ஹேங்கரில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பழைய டெக்னீசியன்தான், “சார், ரெண்டுக்கும் ஒரே வால்வுதான் காரணம், ஸ்பேர் இல்லன்னு தள்ளிக்கிட்டே போறாங்க” என்றார். அவருக்குத் தெரிந்தது என் கிராஃபுக்குத் தெரியவில்லை.

இதைவிடப் பெரிய விஷயம், பராமரிப்பு இடைவெளியை நீட்டித் தரச் சொல்லி வரும் விண்ணப்பம். அலாஸ்கா ஏர்லைன்ஸ் 261 விபத்தின் விசாரணை அறிக்கையை, வேலையில் சேர்ந்த இந்த முதல் மாதத்திலேயே படித்துவிடு. 2000 ஜனவரி 31, எம்.டி.-83 விமானம், கலிபோர்னியா கடலில் 88 பேரோடு விழுந்தது. வாலில் இருக்கும் கிடைமட்டச் சிறகை ஏற்றி இறக்குவது ஒரு நீண்ட திருகு. அது ஓடும் நட்டின் மரைகள் தேய்ந்து தேய்ந்து முழுதாக உரிந்துபோயிருந்தன. மீட்டெடுத்த திருகில் நட்டு ஓடும் பகுதியில் கிரீஸே இல்லை.

அந்தத் திருகுக்கு 1985-இல் 700 பறப்பு மணிக்கு ஒருமுறை கிரீஸ் போட்டார்கள். 1987-இல் அது 1,000 ஆனது. 1991-இல் 1,200. 1994-இல் 1,600. 1996-இல் மணிக்கணக்கையே எடுத்துவிட்டு 8 மாதத்துக்கு ஒருமுறை என்று வைத்தார்கள். அது ஏறக்குறைய 2,550 மணி. தேய்மானம் அளக்கும் இடைவெளியும் இதே போலத்தான் நீண்டது. 1997 செப்டம்பரில் அளந்தபோது 0.040 அங்குலம், சரியாக எல்லையில் நின்றது. மாற்ற வேண்டும் என்று ஒருவர் எழுதினார். பிறகு மறுபடி அளந்து 0.033 என்று குறித்து விமானத்தை விட்டுவிட்டார்கள். அடுத்த அளவீட்டுக்கு 30 மாதம் இருந்தது. அத்தனை நாள் அது தாங்கவில்லை.

விபத்துக்குத் துணைபோன காரணங்களில், இடைவெளிகளை நீட்டியதோடு அதற்கு எஃப்.ஏ.ஏ. தந்த ஒப்புதலையும் சேர்த்தே எழுதியது விசாரணை வாரியம். எஃப்.ஏ.ஏ. என்றால் அங்கே நம்முடைய நாற்காலி, தம்பி. உட்கார்ந்திருந்தவர்கள் ஒன்றும் அயோக்கியர்கள் இல்லை. 1,000 மணியிலிருந்து 1,200 என்பது எவருக்கும் பெரிய தாவலாகத் தெரியாது. 700-இலிருந்து 2,550 என்று ஒரே தாளில் கேட்டிருந்தால் யாராவது பேனாவைக் கீழே வைத்திருப்பார்கள்.

ஆகவே நீட்டிப்புக் கேட்டு வந்தால் கடைசி எண்ணைப் பார்க்காதே. முதல் எண்ணைத் தேடி எடு. விண்ணப்பத்தில் ‘இதுவரை குறை எதுவும் காணப்படவில்லை’ என்று இருக்கும். பார்த்ததால் காணவில்லையா, பார்க்காததால் காணவில்லையா என்பது அந்தத் தாளில் இருக்காது. அலாஸ்கா விமானத்துக்குக் கடைசியாகக் கிரீஸ் போட்ட மெக்கானிக் அந்த வேலைக்குச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும் என்றார். ஒழுங்காகச் செய்தால் நான்கு மணி நேரம் பிடிக்கும் என்பது தயாரித்தவர்களின் கணக்கு. இரண்டுக்கும் ஜாப் கார்டில் விழுவது ஒரே கையெழுத்துதான்.

ராத்திரி 11 மணிக்குப் போன் வரும்: விமானம் ஏ.ஓ.ஜி., பழுதாகித் தரையில் நிற்கிறது, 180 பயணிகள் காத்திருக்கிறார்கள், சார் கொஞ்சம் பாருங்கள் என்று. மரியாதையாகப் பேசு. தாள் வந்த பிறகு பதில் சொல்.

அதோடு, மீனம்பாக்கத்தில் நைட் ஹால்ட் விமானங்களுக்கு வேலை நடக்கும் நேரம் உனக்குத் தெரியும். இந்த மாதம் கிரீஸ் போடும் ஜாப் கார்டு ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதிகாலை 2 மணிக்குப் போய் ஏணியடியில் நில். குறை கண்டுபிடிக்கப் போகாதே. டார்ச் பிடித்துக்கொடு, கடிகாரத்தைப் பார். எத்தனை நிமிஷம் ஆனது என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடு.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஒரு விமானத் தகுதி அதிகாரி