பழைய உல்லாசப் படகும் பழகிப்போன நம்பிக்கைகளும்

அமெரிக்காவின் ஃபுளோரிடாக் கரையிலே, ஃபோர்ட் லாடர்டேல் போன்ற துறைகளில், நாற்பதும் ஐம்பதும் ஆண்டுகள் கடலில் உழைத்த மோட்டார் யாட்டுகள் ஓயாமல் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அவற்றுள் பல, 1970-களிலும் 1980-களிலும் தைவானில் கட்டப்பட்டு அமெரிக்காவில் இறக்குமதியானவை; மீன்பிடி படகின் சாயல் கொண்டிருப்பதால் ‘டிராலர்’ என்று வழங்கப்படுபவை; உள்ளே அடியெடுத்து வைத்தவுடனே தேக்கின் பொன்னிறமும் பித்தளையின் பளபளப்பும் ஒருங்கே கண்ணைப் பறிப்பவை. வாங்க வருபவர் எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதையே முதலில் விசாரிக்கிறார். அது தவறன்று. ஆயினும் எஞ்சினுக்கு ஒரு விலை உண்டு, அதைக் கொடுத்தால் வேறொன்று வந்துவிடும். கூரையிலிருந்து சொட்டும் நீருக்கும் குழாய்க்குள் தேங்கும் நீருக்கும் விலை இன்னதென்று பலகைகளைப் பெயர்த்துப் பார்க்கும் வரையில் ஒருவராலும் சொல்ல முடியாது. அந்த நீரைப் பற்றித்தான் படகுத்துறைகளில் தவறான அபிப்பிராயங்கள் மிகுதியாக உலவுகின்றன.

நம்பிக்கை: படகைக் கெடுப்பது உப்புநீர், மழைநீரால் அதற்கு ஒரு கேடும் இல்லை.

இரும்பையும் மின்கம்பியையும் பொறுத்த வரையில் உப்புநீர் சத்துரு என்பது வாஸ்தவமே. மரத்தைப் பொறுத்த வரையிலோ விஷயம் நேர்மாறானது. மரத்தை உளுத்துப்போகச் செய்வது ஒருவகைப் பூஞ்சை. அதற்கு ஈரமும் காற்றும் வெதுவெதுப்பும் வேண்டும். மரத்தின் ஈரப்பதம் நூற்றுக்கு 20-க்குக் கீழே நின்றால் அது தலையெடுக்காது. உப்பு ஊறிய மரத்தில் அதற்கு வாழ்வே அரிது. மீனையும் இறைச்சியையும் உப்புக்கண்டம் போட்டுக் காப்பாற்றுகிற அதே நியாயத்தைக் கொண்டுதான், 19-ஆம் நூற்றாண்டின் அமெரிக்கக் கப்பல் தச்சர்கள் மரக்கலத்தின் சட்டங்களுக்கு இடையே கல்லுப்பைக் கொட்டி நிரப்பி வைத்தார்கள். அவர்கள் அஞ்சியது வெளியே அலையடிக்கும் கடலை அன்று, மேல்தளத்தின் இடுக்குகளில் இறங்கும் மழையை.

‘எங்கள் படகு ஃபைபர்கிளாஸ் ஆயிற்றே, அதில் உளுப்பதற்கு மரம் ஏது?’ என்று கேட்பவர்கள் உண்டு. கிராண்ட் பாங்க்ஸ் என்னும் புகழ்பெற்ற படகுகள்கூட 1973-இல் மரத்தை விட்டு ஃபைபர்கிளாஸுக்கு மாறியதிலிருந்து இந்த எண்ணம் எங்கும் வேரூன்றிவிட்டது. ஆனால் ஃபைபர்கிளாஸ் மேல்தளம் என்பது பெரும்பாலும் ஒரே பாளமன்று. மேலும் கீழுமாக இரண்டு மெல்லிய ஓடுகள், நடுவிலே பிளைவுட்டோ பால்சா மரமோ வைத்து இறுக்கியது. தைவான் படகுகளில் அதன்மேலும் அழகுக்காகத் தேக்குப் பலகைகளைப் பரப்பி, ஆயிரக்கணக்கான திருகாணிகளால் முடுக்கினார்கள். ஒவ்வொரு திருகாணியும் மேல் ஓட்டைத் துளைத்து நடுவிலுள்ள மரத்தில் சென்று நின்றது. ஆண்டுகள் செல்லச் செல்ல, பலகை தேய்ந்து, இணைப்புகளில் இட்ட கருநிறப் பூச்சு வெடித்து, மழையும் பனியும் அந்தத் துளைகளின் வழியே உள்ளே புகுந்து, வெளியேற வழியின்றி நடுமரத்தைக் கூழாக்கிவிடுகின்றன. காலடியில் தளம் மெத்தென்று அமுங்குவதும், சுத்தியலால் தட்டினால் கணீரென்று ஒலிக்காமல் ‘மொத்’தென்று ஒலிப்பதும் அதன் அறிகுறிகள். கேடு அத்துடன் நிற்பதுமில்லை. அங்கிருந்து சொட்டும் நீர் எஞ்சின் அறையின் இரும்பு டீசல் தொட்டிகளின் தலையில் விழுந்து, அவற்றை வெளியிலிருந்து உள்நோக்கித் துருப்பிடிக்கச் செய்கிறது. அந்தத் தொட்டிகளை வெளியே எடுக்க எஞ்சினையோ தரையையோ அகற்ற வேண்டும். இவ்வளவும் ஒரு திருகாணித் துளையின் கைங்கரியம்!

நம்பிக்கை: சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை, அங்கே சிலிக்கோன் பூசினால் தீர்ந்தது.

நீர் தான் நுழைந்த இடத்திலேயே சொட்டும் நியதி வீட்டுக் கூரைக்கே இல்லாதபோது, வளைந்தும் சரிந்தும் கட்டப்பட்ட படகுக்கு எப்படி இருக்கும்? முகப்பிலுள்ள கைப்பிடிக் கம்பியின் அடியில் நுழைந்த நீர், உட்கூரையின் மேலே விட்டத்தைப் பிடித்துக்கொண்டு பல அடி தூரம் நடந்து, படுக்கையறை ஜன்னலின் மூலையில் சென்று கறுப்புக் கறையாக வெளிப்படும். உடையவர் அந்த ஜன்னலைக் குற்றவாளி என்று தீர்மானித்து, அதைச் சுற்றிலும் சிலிக்கோனைத் தடவுவார். ஒழுக்கு நிற்காது என்பது ஒரு தீமை. சிலிக்கோன் தன் மெழுகுத்தன்மையை அந்த இடத்தில் விட்டுவிடுவதால், பின்னர் முறையாக வேலை செய்ய வருபவர் இடும் எந்தப் பசையும் அங்கே ஒட்டாது என்பது மற்றொரு தீமை. பரிகாரம் யாதெனில், உலோகப் பொருத்துகளைக் கழற்றி, துளையை உலர்த்தி, புதிய பசையிட்டு மறுபடியும் முடுக்குவதே. ஓட்டையைக் கண்டுபிடிக்கவும் நல்லதொரு உபாயம் இருக்கிறது: கதவு ஜன்னல்களை அடைத்து, மின்விசிறி ஒன்றினால் அறைக்குள் காற்றைச் சற்றே அழுத்தமாகச் செலுத்திவிட்டு, வெளியே சவுக்கார நீரைத் தடவிக்கொண்டு வந்தால், குமிழி எழும் இடம் எதுவோ அதுவே நீர் நுழையும் வாயில்.

நம்பிக்கை: தொங்கும் உட்கூரைத் துணியைப் பசை தடவி ஒட்டிவிடலாம்.

ஒட்டலாம், சில நாள் நிற்கும். அந்த வினைல் துணியின் முதுகிலுள்ள மெல்லிய ஃபோம் வெப்பத்தினால் பொடிந்து மாவாகிவிட்டதே துணி தொங்குவதற்குக் காரணம். மாவின்மேல் பசை நிற்குமா? முழுவதையும் கழற்றிப் புதிதாக இடுவதைத் தவிர வேறு வழியில்லை. கழற்றுவதிலும் ஒரு லாபம் உண்டு: மேலே மறைந்திருந்த கசிவுகள் யாவும் அப்பொழுது வெளிச்சத்துக்கு வரும்.

நம்பிக்கை: கழிவறை என்றிருந்தால் நாறத்தான் செய்யும், வாசனைத் திரவம் ஊற்றினால் போதும்.

1972-இல் இயற்றப்பட்ட தூய நீர்ச் சட்டத்தின்படி, அமெரிக்கக் கரையிலிருந்து 3 கடல்மைல்களுக்குள் சுத்திகரிக்கப்படாத மனிதக் கழிவைப் படகிலிருந்து வெளியேற்றுதல் கூடாது. ஆகவே, நேரே கடலில் விட்டுப் பழகியிருந்த பழைய படகுகளிலெல்லாம் பிற்காலத்தில் ஒரு கழிவுத் தொட்டியை எப்படியாவது புகுத்த வேண்டியதாயிற்று. கட்டிலின் அடியிலோ எஞ்சினின் பக்கத்திலோ கிடைத்த மூலையில் தொட்டியை வைத்து, கழிவறையிலிருந்து அதுவரையில் வளைந்து தாழ்ந்து செல்லும் நீண்ட ரப்பர்க் குழாயைப் போட்டார்கள். அந்தத் தாழ்வுகளில் கழிவு நாட்கணக்கில் தங்குகிறது. தங்கியதன் நாற்றம் நாளடைவில் குழாயின் சுவரையே ஊடுருவி வெளியே வருகிறது. கசிவு ஒரு சொட்டும் இல்லாமலே அறை முழுவதும் நாறும் அதிசயத்தின் ரகசியம் இதுவே. வெந்நீரில் நனைத்த சுத்தமான துணியால் குழாயை இறுகத் துடைத்து, துணியை முகர்ந்து பாருங்கள். துணி நாறினால் குழாயை மாற்றும் காலம் வந்துவிட்டது.

தொட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. காற்றோட்டம் இருக்கும் கழிவில் ஒருவகை நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன, அவற்றினால் துர்நாற்றம் விளைவதில்லை. காற்றற்ற கழிவில் வேறொரு வகை பெருகி, நாற்றமுள்ள வாயுக்களை உண்டாக்குகிறது. தொட்டியின் காற்றுக்குழாய் சிலந்திக்கூட்டினாலோ உப்பினாலோ அடைபட்டிருக்கையில், அதற்குள் எத்தனை சுகந்தத் திரவியத்தை ஊற்றினாலும் பயனில்லை. அகன்ற, வளைவற்ற, குறுகிய காற்றுக்குழாய் ஒன்றே அந்தத் திரவியங்களைவிடப் பெரிய உபகாரம் செய்யும்.

இதிலே இன்னொரு வேடிக்கை. பல நாள் பூட்டிக்கிடந்த படகில் கழிவறைப் பம்பை முதன்முதலாக அழுத்தும்போது எழும் அழுகிய முட்டை நாற்றத்துக்கும் மனிதக் கழிவுக்கும் சம்பந்தமே இல்லை. கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 2.7 கிராம் சல்ஃபேட் இருக்கிறது. உள்ளே நீரிழுக்கும் குழாயில் தேங்கிய கடல்நீரிலுள்ள நுண்ணிய பிராணிகள் செத்து அழுக, பாக்டீரியாக்கள் அந்தச் சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றிவிடுகின்றன. படகைப் பூட்டுமுன் நன்னீரால் ஒருமுறை கழுவிவிட்டால் இந்த உபத்திரவம் இல்லை.

நம்பிக்கை: குடிநீர் நாறினால் பிளீச்சைத் தாராளமாக ஊற்றி விட்டுவிடலாம்.

50 பி.பி.எம். (பத்து லட்சம் பங்குக்கு 50 பங்கு) அளவுக்குக் குளோரின் கலந்து, எல்லாக் குழாய்களிலும் ஓடவிட்டு, சில மணி நேரம் வைத்திருந்து, பிறகு முற்றிலும் வடித்துக் கழுவுவதே முறை. விட்டுவிட்டுப் போனால், தொட்டி அலுமினியமாக இருக்கும் பட்சத்தில், அழுக்குடன் தொட்டியும் அரிபடும்.

நம்பிக்கை: வால்வு மஞ்சள் நிறமாயிருந்தால் வெண்கலந்தான்.

படகின் அடியில், நீர்மட்டத்துக்குக் கீழே, கடலுக்கும் உள்ளறைக்கும் நடுவே நிற்பவை இந்த வால்வுகள். வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது, கடலைத் தாங்கும். பித்தளை செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது, அதிலுள்ள துத்தநாகத்தைக் கடல்நீர் கரைத்துக்கொண்டு போய்விட, உருவம் கெடாமலே உள்ளுக்குள் பஞ்சாகிப்போன இளஞ்சிவப்புச் செம்பு மட்டும் எஞ்சும். ஒரு நாள் கைப்பிடியைத் திருப்பினால் அது கையோடு வந்துவிடும். ஐரோப்பியப் படகுகளுக்குரிய ஐ.எஸ்.ஓ. 9093 என்னும் தரவிதி, 5 ஆண்டு பழுதின்றி உழைத்தாலே அரிப்பைத் தாங்கும் பொருள் என்று நெடுங்காலம் ஏற்று வந்ததைக் கருதும்போது, 20 ஆண்டு வயதான படகின் வால்வைச் சந்தேகிப்பது குற்றமாகாது. கத்தி முனையால் மெல்லச் சுரண்டி, மஞ்சள் தெரிகிறதா, சிவப்புத் தெரிகிறதா என்று பாருங்கள்.

நம்பிக்கை: அடித்தள நீரை இறைக்கும் பில்ஜ் பம்பு இருக்கும்போது கவலை எதற்கு?

மணிக்கு 2000 காலன் இறைக்கும் என்று பம்பின்மேல் அச்சிட்டிருப்பது, நீரை மேலேற்றும் சிரமமே இல்லாமல், முழு மின்னழுத்தத்தில் கண்ட கணக்கு. நிஜத்தில் குழாயின் உயரமும் நீளமும் வளைவும் அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். அச்சிட்ட கணக்கையே ஒப்புக்கொண்டாலும் அது நிமிஷத்துக்கு 126 லிட்டர்தான்; நீர்மட்டத்துக்கு 2 அடி கீழே ஒன்றரை அங்குலக் குழாய் ஒன்று கழன்றுகொண்டால் உள்ளே பாய்வதோ நிமிஷத்துக்குச் சுமார் 140 லிட்டர் அல்லது அதற்கும் மேல். பம்பு கால அவகாசம் தரும். படகைக் காப்பாற்றுவது மூடக்கூடிய நிலையிலுள்ள வால்வுதான். குழாய் கழலாமலே நீர் புகுவதும் உண்டு: நீர்மட்டத்துக்குக் கீழே அமைந்த கழிவறையின் குழாயில், மேலே ஏறி இறங்கும் வளைவின் உச்சியிலே ஒரு சிறு காற்றுத் திறப்பு இருக்க வேண்டும். அது உப்படைத்துப்போனால் கடல்நீர் தானே இழுக்கப்பட்டு, கட்டிப்போட்ட இடத்திலேயே படகு மூழ்கிவிடக்கூடும்.

வாங்க எண்ணுவோருக்கு ஒரு விண்ணப்பம். படகைப் பார்க்க ஒரு பெருமழைக்கு மறுநாள் செல்லுங்கள். ஃபுளோரிடாவில் மே முதல் அக்டோபர் வரையில் அதற்குப் பஞ்சமில்லை. தரகர் சிபாரிசு செய்பவரை விட்டு, படகைப் பரிசோதிக்கும் சர்வேயர் ஒருவரை நீங்களே தேடிப் பிடித்துக் கூடவே அழைத்துச் செல்லுங்கள். ஊதுவத்தியோ வாசனைத் திரவமோ மணந்தால், படகை ஒரு நாள் பூட்டிவைக்கச் சொல்லி மறுநாள் திறந்து முகருங்கள். தரைப்பலகைகளையும் கட்டிலடிகளையும் திறந்து பார்க்க விற்பவர் ஆட்சேபம் சொல்வாரானால், கொடுத்த முன்பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வேறு படகைப் பாருங்கள்.