புரைக்கேறினால் என்ன செய்வது?



சென்ற திருவிழாவின்போது எமது அன்னதான மண்டபத்தில் பெரியவர் ஒருவருக்கு வடை தொண்டையில் அடைத்துவிட்டது. ஒருவர் உச்சந்தலையில் தட்டினார். இன்னொருவர் தண்ணீருடன் ஓடினார். "ஆரோ நினைக்கினம்" என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். அவரோ இருமவுமில்லை, பேசவுமில்லை. உதடு நீலம் பாரித்தது. பாடசாலையில் முதலுதவி படித்த பதினாறு வயதுப் பிள்ளை ஒருத்தி ஓடிவந்து முதுகில் அறைந்து அதனை வெளியேற்றினாள். நான் வைத்தியனல்லன், கணக்காளன். வெட்கத்துடன் வகுப்பொன்றுக்குச் சென்று கற்றதை இங்கு தருகிறேன்.

நாம் விழுங்கும்போது மூச்சுக்குழாயின் வாயிலைச் சிறு மூடியொன்று மறைக்கிறது. சிரித்துப் பேசிக்கொண்டு உண்டால் உணவு அவ்வழியே தவறிச் சென்றுவிடலாம். சத்தத்துடன் இருமுபவருக்குக் காற்றுப் போகிறது. அவரைத் தொடர்ந்து இருமச் சொல்லுங்கள். சத்தமே வராவிடில் வழி அடைபட்டுவிட்டது. பிராணவாயு இல்லாமல் சில நிமிடங்களிலேயே மூளை பாதிப்படையும். அம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்க முடியாது.

செய்ய வேண்டியவை:

1. ஒருவரை 113 இலக்கத்துக்கு அழைக்கச் செய்யுங்கள்.

2. அவரை முன்னே குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் 5 தடவை பலமாக அறையுங்கள்.

3. போகாவிடில், பின்னால் நின்று கட்டிப்பிடித்து, தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து, உள்நோக்கி மேலாக 5 தடவை இழுத்து அழுத்துங்கள். அமெரிக்க மருத்துவர் ஹென்றி ஹெய்ம்லிக் 1974 இல் வெளியிட்ட முறை இது. இரண்டையும் மாறி மாறிச் செய்யுங்கள்.

4. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் வயிற்றை ஒருபோதும் அழுத்தக்கூடாது. தலை தாழ முன்கையில் குப்புறக் கிடத்தி முதுகில் 5 தட்டு. பின் நிமிர்த்தி நடு நெஞ்சில் 5 அழுத்தம். கர்ப்பிணிகளுக்கும் வயிற்றையன்றி நெஞ்சையே அழுத்துங்கள்.

5. பெரியவர் மயங்கி மூச்சின்றி விழுந்தால், நிலத்தில் மல்லாக்கக் கிடத்தி, நடு நெஞ்சை 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் 30 தடவை அழுத்துங்கள். பின் நெற்றியைச் சரித்து நாடியை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய்வைத்து 2 தடவை ஊதுங்கள். உதவி வரும்வரை இதனை நிறுத்த வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் துழாவாதீர்கள். அது மேலும் உள்ளே போகும். தண்ணீரும் கொடுக்காதீர்கள். வயிறு அழுத்தப்பட்டவரைப் பின்னர் வைத்தியரிடம் காட்டுங்கள்.

வகுப்பில் நாம் ஊதிப் பழகும் பொம்மை இந்நாட்டில் பிறந்தது. ஸ்தவாங்கர் நகரில் விளையாட்டுப் பொம்மைகள் செய்த ஓஸ்முண்ட் லார்டால் 1960 இல் அதனை உருவாக்கினார். தமது இரண்டு வயது மகன் நீரில் மூழ்கி மயிரிழையில் தப்பியதைக் கண்ட தகப்பன் அவர்.

எங்களில் பலர் 113 இல் பேசத் தயங்குகிறோம், மொழி தடுமாறுமென்று. முதலில் விலாசத்தைச் சொல்லுங்கள், தொலைபேசியை வைத்துவிடாதீர்கள். செய்யவேண்டியதை மறுமுனையில் இருப்பவரே படிப்படியாகச் சொல்லித் தருவார். பிள்ளைகள் இன்றிரவே தம் அம்மம்மா, அப்பப்பாவுக்கு வீட்டு விலாசத்தை நோர்வே மொழியில் சொல்லப் பழக்கட்டும்.

நிர்வாக சபையினர் அடுத்த திருவிழாவுக்கு முன் மண்டபத்தில் ஒரு பயிற்சி வகுப்பை ஒழுங்கு செய்வார்களென நம்புகிறேன். பந்தியில் பரிமாறுவோர் முதலில் பெயர் கொடுங்கள். என் பெயரைக் கொடுத்துவிட்டேன்.