புதிதாய்த் தேனீ வளர்ப்போர் பெட்டியைத் தேர்தலும் கையை அடக்கலும்

கடையநல்லூர், சொக்கம்பட்டி, புளியங்குடி முதலிய ஊர்களைச் சார்ந்த சங்க அங்கத்தினர்களில் சிலர், தோட்டத்தின் ஓரத்தில் இரண்டொரு தேனீப் பெட்டி வைத்தால் என்ன என்று கேட்டு வருகின்றனர். மேற்கே மலை, அடிவாரத்தில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும், வடக்கே எலுமிச்சைத் தோட்டங்கள். தேனீக்கு வேண்டிய பூ இங்கே குறைவன்று. ஆயினும் எந்தப் பெட்டியை வாங்குவது, வாங்கியபின் எவ்வளவு தூரம் அதனைக் கவனிப்பது என்னும் இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரியாமல் கடன் விண்ணப்பத்தில் கையெழுத்திடுவது தகாது. தேனீ, கட்டிவைத்த ஆட்டைப் போன்றதன்று. இடம் பிடிக்காவிடில் ஒரு காலைப்பொழுதில் குடும்பத்தோடு பறந்துவிடும், கடனோ பறவாது.

நம் நாட்டில் வீடுகளில் வளர்க்கத் தகுந்தது மரப்பொந்திலும் பாறையிடுக்கிலும் அடுக்கடுக்காய் அடை கட்டும் இந்தியத் தேனீயாகும். முற்காலத்தில் இதனை மண்பானையிலும் குடைந்த மரத்துண்டிலும் குடியேற்றினர். செலவு சொற்பம். ஆனால் தேன் எடுக்கும்போது புகையிட்டு, தேனடையையும் புழு இருக்கும் அடையையும் சேர்த்து அறுத்துப் பிழிந்தனர். குஞ்சு அழிந்தபின் குடும்பம் தேறுவது அரிது.

அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்பவர் 1851இல், அடைகளுக்கிடையே தேனீ நடமாடும் இடைவெளியை அறிந்து, எடுத்து மாட்டக்கூடிய சட்டங்கள் கொண்ட பெட்டியை அமைத்தார். அப்பெட்டி ஐரோப்பியத் தேனீக்கு ஏற்றது. நம் சிறு தேனீக்கு மிகப் பெரிது. நியூட்டன் என்னும் பாதிரியார் 1911ஆம் ஆண்டளவில், புழு அறையில் ஏழு சட்டங்கள் கொண்ட சிறிய பெட்டியை அமைத்துத் தென்னாட்டில் பலருக்குப் பயிற்சி அளித்தார். பின்னர், அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த மார்த்தாண்டத்தில், ஸ்பென்ஸர் ஹாட்ச் நடத்திய கிறிஸ்தவ வாலிபர் சங்கத்துக் கிராமப் புனருத்தாரண நிலையம் இத்தொழிலைக் குடியானவர் வீடுகளுக்குக் கொண்டு சென்றது. 1937இல் அவ்விடத்துத் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கமும் தோன்றிற்று. தனித்தனியே புட்டியில் விற்றுக்கொண்டிருந்தவர்கள் தேனை ஓரிடத்தில் சேர்த்து விற்கும் வழி அதனால் பிறந்தது.

இனி, சட்டமில்லாத மாற்றுப் பெட்டிகளைப் பற்றி. 1970க்குப் பின் கென்யா தேசத்தில் பரவிய பெட்டி, மாட்டுத் தொட்டிபோல் அடி குறுகி வாய் அகன்றது. அதன் வாயில் வரிசையாகக் கட்டைகளை அடுக்கினால், தேனீ ஒவ்வொரு கட்டையிலிருந்தும் ஓர் அடையைத் தொங்கவிடும். நம் தேனீக்குக் கட்டையின் அகலம் ஏறக்குறைய 30 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும். அகலம் தவறினால் அடை இரண்டு கட்டைகளைப் பிணைத்துக்கொள்ளும். பிறகு பெட்டியும் பானையும் ஒன்றே. தேன் எடுக்கும் இயந்திரம் இதற்கு வேண்டாம். தேன் நிறைந்து மூடிய அடையை மாத்திரம் அறுத்து, பிழிந்து, வடிகட்டலாம், மெழுகும் கிடைக்கும். ஆனால் சட்டத்தின் தாங்கல் இல்லாமையால், வெயில் நேரத்தில் அடையைப் படுக்கையாகத் திருப்பினால் கையோடு இற்று விழும்.

ஜப்பானில் நமது தேனீயின் இனத்தைச் சேர்ந்ததையே சிறு சதுரப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வளர்க்கின்றனர். தேனீ மேலிருந்து கீழாக அடை கட்டும். இடம் போதாவிடில் அடியில் ஒரு பெட்டி சேர்ப்பர். தேன் மேலேயும் புழு கீழேயும் இருப்பதால், கம்பியை இழுத்து மேற்பெட்டியை அறுத்தெடுத்தால் குஞ்சுக்குச் சேதமில்லை. பிரான்ஸ் தேசத்தில் வாரே என்னும் பாதிரியார் ஏழைக் குடியானவருக்கென்று அமைத்த பெட்டியும் இவ்விதமே அடியில் வளர்வது. இரண்டிலும் தத்துவம் ஒன்று: கூட்டை அடிக்கடி திறவாதே என்பது.

அதில் நியாயம் உண்டு. புழு இருக்கும் அடைகளின் நடுவே தேனீக்கள் ஏறத்தாழ 35 டிகிரி சென்டிகிரேட் வெப்பத்தைக் காத்து வருகின்றன. மூடியைத் திறக்குந்தோறும் அது கலைகின்றது. புதிதாய் வளர்ப்போரில் சிலர், மருமகள் உலைவைப்பதை எட்டிப் பார்க்கும் மாமியாரைப் போல, தினம் இருமுறை திறந்து பார்க்கின்றனர். ஐரோப்பியத் தேனீ ஒருவேளை பொறுக்கும். நம் தேனீ பொறாது. குடியேற்றிய முதல் வாரம் தொடாதிருப்பதே நலம்.

ஆனால் திறவாதிருப்பது வேறு, பாராதிருப்பது வேறு. வாயிலருகே கால்மணி நேரம் உட்கார்ந்தால் பல செய்தி தெரியும். பின்னங்காலில் மகரந்தப் பொட்டலத்தோடு தேனீ வந்தால், பெரும்பாலும் உள்ளே புழு வளர்கின்றது என்று கொள்ளலாம். செத்த புழுவை வெளியே இழுத்துப் போட்டால் பசியோ நோயோ இருக்கலாம். நம் தேனீ பழைய அடையைக் கடித்து அடிப்பலகையில் உதிர்க்கும் இயல்புடையது. அக்குப்பையில்தான் மெழுகுப்பூச்சி பெருகும். ஆகவே வாரம் ஒருமுறை அடிப்பலகையைத் துடைக்கவேண்டும். அதற்கு அடைகளைத் தொடவேண்டியதில்லை. தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. ஆனி, ஆடி மாதங்களில் கணவாய் வழியே காற்று கடுமையாக வீசும். வாயில் மேற்கு நோக்கியிருத்தல் கூடாது. அப்போது பூவும் குறைவு. தேன் முழுவதையும் எடுத்திருந்தால் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கரைத்த பாகு வைக்காமல் தீராது.

கையை முற்றிலும் கட்டிக்கொள்வதால் கெடும் காலமும் உண்டு. குடும்பம் பெருகிப் பிரியும் பருவத்தில் வாரம் ஒருமுறை ராணி அறைகளைப் பாராவிட்டால் பாதித் தேனீ போய்விடும். நோயிலும் அப்படியே. 1991-92இல் தென்னிந்தியாவில் பரவிய தாய் பைப்புழு நோய், ஊர் ஊராக இந்தியத் தேனீயை அழித்தது. மார்த்தாண்டமும் தப்பவில்லை. மூடப்படாத அறையில் தலை மேல்நோக்கிய புழு, நீர் நிறைந்த பைபோல் செத்துக் கிடப்பது அதன் அடையாளம். வைரஸால் வருவதாகையால் மருந்திட்டுத் தீர்ப்பதற்கில்லை. அந்தக் குடும்பத்தின் சட்டத்தை இன்னொன்றுக்கு மாற்றாமல் ஒதுக்கவேண்டும். நோயில் தாக்குப்பிடித்த குடும்பங்களிலிருந்து பிரித்துப் பெருக்கியே பின்னர் தொழில் மீண்டது.

ஆகவே வீட்டுத் தேவைக்கு மாத்திரம் தேன் விரும்புவோர், ஊர்த் தச்சரிடம் மேற்கட்டைப் பெட்டியோ அடுக்குப் பெட்டியோ கைப்பணத்தில் செய்துகொள்ளலாம். சங்கக் கடனில் தொடங்குவோருக்குச் சட்டப்பெட்டியே தகும் என்பது என் அபிப்பிராயம். குடும்பத்தைப் பிரித்துப் பெருக்குவதும், அடை கெடாமல் தேன் எடுப்பதும் அதில் எளிது. தவணையைச் செலுத்த வேண்டியது அந்தப் பெருக்கத்திலிருந்துதானே. முதலாண்டில் இரண்டு பெட்டிக்கு மேல் கடன் வேண்டாம். ஒன்று ஓடினாலும் மற்றொன்றிலிருந்து பிரித்துக்கொள்ளலாம். சங்கத்தில் எல்லோரும் ஒரே அளவுச் சட்டம் செய்வித்தால் தேன் எடுக்கும் இயந்திரம் ஒன்றே ஊருக்குப் போதும்.

இன்னொன்றையும் சங்கக் கூட்டத்தில் பேசவேண்டும். நம் தேனீ பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் வட்டாரத்துக்குள் மேயும். அது அடுத்தவர் வயலே. அவர் எலுமிச்சை பூத்திருக்கையில் காலையில் பூச்சிமருந்து அடித்தால் எந்தப் பெட்டியும் பயன்படாது. மாலையில் தேனீ கூடடைந்தபின் அடிக்கவும், முந்தின நாளே சொல்லிவிடவும் அண்டை அங்கத்தினர்களோடு ஏற்பாடு செய்துகொண்டு, அதன்பின் பெட்டிக்கு விண்ணப்பிக்கலாம்.