திருத்திய அங்கக விதிகளும் மலைத்தோட்டக் குழுக்களும்

சிறுமலை வாழைக்கு 2008-09-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. பழம் எந்த மலையில் விளைந்தது என்பதை அக்குறியீடு சொல்லும். இரசாயன உரமும் பூச்சி மருந்தும் இன்றி விளைந்ததா என்பதைச் சொல்லாது. அதைச் சொல்வது அங்ககச் சான்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் இன்னும் பலர் உளர்.

ஏற்றுமதியாகும் அங்கக விளைபொருள்களுக்கான தேசியத் திட்டம் 2001-ஆம் ஆண்டு தொடங்கியது. அதன் விதிகளின் 8-ஆம் பதிப்பு 2025 ஜனவரி 9-ஆம் தேதி வெளியிடப்பட்டது. குழுவாகச் சேர்ந்து சான்று பெறுவோர் இதனைக் கருத்தூன்றிக் கவனித்தல் அவசியம்.

இரண்டு மூன்று ஏக்கர் தோட்டமுடையவர் தனியே சான்று பெறுவது கட்டுபடியாகாது. பலர் ஒன்றுகூடி ஒரே சான்று பெறும் வழி முன்பே உண்டு. ஆயின் பல இடங்களில் வெளியார் நிறுவனமொன்றே கணக்கெழுதிச் சான்றையும் தன்வசம் வைத்துக்கொண்டது. விவசாயி வேறு வியாபாரியிடம் சென்றால் அவர் பழம் சாதாரணப் பழமாகிவிடும். நிறுவனம் சொன்ன விலையே விலை. புதிய பதிப்பு, விளைவிப்போர் குழுவே சட்டப்படி அமைந்த அமைப்பாக இருக்க வேண்டும் என்கிறது. 2022 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறையிலுள்ள சட்டமும் இதையே கேட்கிறது.

கூட்டுறவுச் சங்கமாகப் பதியலாம். உற்பத்தியாளர் நிறுவனமாகவும் பதியலாம். பின்னதற்குப் பத்து விவசாயிகள் இருந்தால் போதும். எது பொருந்தும் என்பதைப் பதிவுக்கு முன்னரே விதைச் சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறையினரைக் கேட்டறிக. பதிவு எளிது என்பதே நமது கருத்து. கடினமானது அதற்குப் பின்னர் வருவது.

முதலாவது, பழைய ஏடுகள். மிளகு, காப்பி போன்ற பல்லாண்டுப் பயிர்களுக்கு மாறுதல் காலம் மூன்று ஆண்டு. அக்காலத்தில் உழைப்பு அங்கக முறையில். விலையோ சாதாரண விலை. இவ்வளவையும் தாங்கியவரின் தோட்ட வரலாறு வெளியார் அலுவலகத்தில் முடங்கிவிட்டால், மாறுதல் காலத்தை முதலிலிருந்து எண்ண நேரிடலாம். ஆகவே அங்கத்தினர் பட்டியல், தோட்ட வரைபடம், பண்ணை நாட்குறிப்பு, ஆய்வு அறிக்கை ஆகியவற்றின் நகல்களை இப்பொழுதே கேட்டு வாங்கிக் குழுவின் பெட்டியில் வைத்தல் நன்று.

இரண்டாவது, உள் ஆய்வு. ஒவ்வொரு தோட்டத்தையும் குழுவின் ஆய்வாளர் ஆண்டுக்கு இருமுறையேனும் பார்த்து எழுதுவது இத்திட்டத்தின் வழக்கம். குழு சட்ட உருவம் பெற்றதால் இவ்வேலை குறைந்துவிட்டதென எண்ணலாகாது. மலைவாழையை ஒரு காலத்தில் பெரிதும் அழித்த முடிக்கொத்து நோயை எடுத்துக்கொள்வோம். அது நோயுற்ற கன்றாலும் அசுவினிப் பூச்சியாலும் பரவுகிறது. இரசாயன மருந்தடித்து அசுவினியைக் கொல்ல அங்ககத் தோட்டத்தில் இடமில்லை. நோய்கண்ட மரத்தைக் கிழங்கோடு அகற்றி அழிக்க வேண்டும். ஆகவே கன்று எங்கிருந்து வந்தது, எந்த நாளில் நட்டது, எத்தனை மரம் அகற்றப்பட்டது என்பன நாட்குறிப்பில் இருக்கின்றனவா என்று ஆய்வாளர் பார்ப்பார். “எல்லாம் நன்று” என்று ஒரே நாளில் ஐம்பது தோட்டங்களுக்கு எழுதிய அறிக்கையால் பயனில்லை. தன் தோட்டத்தையோ நெருங்கிய உறவினர் தோட்டத்தையோ ஆய்வாளர் பார்க்கலாகாது. எல்லோரும் எல்லோருக்கும் மாமன் மைத்துனராக உள்ள மலைக்கிராமத்தில் இது எளிதன்று. அடுத்த ஊர்க் குழுவோடு பேசி ஆய்வாளர்களை மாற்றிக்கொள்வது ஒரு வழி. அவ்வாறு செய்யச் சான்றளிப்போரின் இசைவைப் பெறுக.

ஒருவர் தடைசெய்த மருந்தைத் தெளித்து, குழு அதை மறைத்தால், அனைவர் சான்றும் ஆபத்துக்குள்ளாகும். அத்தகையவரை நிறுத்திவைக்கும் அதிகாரத்தைக் குழுவின் துணைவிதியிலேயே எழுதி வைக்க வேண்டும். பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், நேரம் வரும்போது எவரும் வாய் திறவார்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு இதில் ஒரு வேலை உண்டு. பாதையோரப் புதர்களை அழிக்கக் களைக்கொல்லி தெளிப்பதாயின், அது காற்றிலும் மழைநீரிலும் சான்று பெற்ற தோட்டத்துக்குள் செல்லக்கூடும். அத்தோட்டங்களை ஒட்டிய பாதைகளில் ஆட்களைக் கொண்டு வெட்டியே அகற்றுவதெனத் தீர்மானம் இயற்றி, அதன் நகலைக் குழுவுக்கு அளிக்கலாம்.