பிரஷ்ஷைத் தொடுமுன் டின்னைத் திருப்புங்கள்

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ஷூ கம்பெனியில் பேஸ்டிங் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்களா? சொல்யூஷன் டின் லேபிளில் என்-ஹெக்ஸேன் என்ற பெயரோ 110-54-3 என்ற எண்ணோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 71-43-2 இருந்தால் அது பென்சீன். எலும்பு மஜ்ஜையையே கெடுக்கும். சின்ன டப்பாவில் ஊற்றித் தந்தால் லேபிள் ஸ்டோரிலேயே தங்கிவிடும். அப்போது சூப்பர்வைசரிடம் எம்.எஸ்.டி.எஸ். எனும் ரசாயன விவரத் தாளைக் கேளுங்கள், கலவையில் என்னென்ன இருக்கிறது என்பது அதன் 3-ஆம் பகுதியில் இருக்கும். கேட்கத் தயங்காதீர்கள், உடம்பு உங்களுடையது.

ஹெக்ஸேன் சட்டென்று உலரும். அதற்காகவே 2009-இல் சீனாவின் சூஜோவில் ஒரு தொழிற்சாலையில் போன் திரை துடைக்க ஆல்கஹாலை நிறுத்திவிட்டு அதைக் கொடுத்தார்கள். 137 தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். உங்கள் மேஜையிலும் டின் மாறினால் ஏன் என்று கேளுங்கள்.

ஹெக்ஸேன் நரம்பைத் தின்னும். நீளமான நரம்புகள் முதலில் அடிபடுவதால் கால்விரலில் தொடங்கும். செருப்பு கழன்றது தெரியாமல் நாலடி நடந்திருப்பீர்கள். பிறகு கைவிரல்: ஜாக்கெட் ஹூக் மாட்ட வராது, ஊசியில் நூல் கோக்க வராது. வேலையை நிறுத்திய பிறகும் சில மாதம் மோசமாகலாம். பயந்துவிடாதீர்கள், பெரும்பாலானவர்களுக்கு மெல்லத் தேறும். முற்றவிட்டால்தான் பலவீனம் தங்கிப்போகும்.

துணி மாஸ்க்கும் என்-95-உம் ஆவியைத் தடுக்காது. ஆவிக்கென்று உள்ள கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும். அதைவிட முக்கியம், மேஜையிலேயே ஆவியை இழுத்து வெளியே விடும் எக்ஸாஸ்ட். சாதா ஃபேன் அதைப் பக்கத்து மேஜைக்காரரிடம் தள்ளும், அவ்வளவுதான். டப்பாவை மூடியே வையுங்கள். தின்னரில் கை கழுவவே கூடாது. தேங்காய் எண்ணெய் தேய்த்து சோப்புப் போடுங்கள்.

விரல் மரத்தால் ஆஸ்பத்திரியில் முதலில் சுகர் பார்ப்பார்கள். ரசாயனத்தின் பெயரை நீங்கள் சொல்லாவிட்டால் யாருக்கும் அது தோன்றாமல் போகலாம். லேபிளைப் படம் எடுக்கக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோக முடியாதென்றால் பெயரையும் எண்ணையும் உள்ளங்கையில் எழுதிவாருங்கள். ஹெக்ஸேனுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை உண்டு. வாரக் கடைசி ஷிஃப்ட் முடிந்த கையோடு மாதிரி கொடுங்கள். இ.எஸ்.ஐ. சீட்டில் "பேஸ்டிங் வேலை, இத்தனை வருடம்" என்று எழுதச் சொல்லுங்கள். தொழில் நோய் என்று ஊனப் பலன் கேட்கும் நாளில் அந்த ஒரு வரி உங்களுக்குக் கைகொடுக்கும்.