முதலில் தணிய வேண்டியது சூடு

சென்னை
சித்திரை மாதம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அக்காவின் முழங்கால் வலி பற்றிப் போனில் விசாரித்துக்கொள்கிறேன். இந்தக் கடிதம் உன் கேள்விக்காக மட்டும். கேம் ஆடும்போது படம் திக்கித் திக்கி ஓடுகிறது, கிராபிக்ஸ் கார்டை மாற்றுவதா, பிராசஸரை மாற்றுவதா, ரேம் போடுவதா என்று கேட்டிருந்தாய். எதை வாங்குவது என்பது உன் முடிவு, நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் கைமாற்று வாங்கி ரிச்சி தெருவில் பழைய ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு ஒன்றைப் பேசி வைத்திருக்கிறாய் என்று அக்கா சொன்னதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. பைக் விஷயத்தை இங்கே கிளறப்போவதில்லை. நீ எழுதியதை மட்டும் வைத்துப் பேசுகிறேன், ஏனென்றால் விடை அதிலேயே இருக்கிறது.

நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய 16.7 மில்லி விநாடி. அதில் ஒரே ஒரு ஃபிரேம் மட்டும் 100 மில்லி விநாடி இழுத்துக்கொண்டு, மற்றதெல்லாம் ஒழுங்காக வந்தால், திரை மூலையில் 55 என்று காட்டும். 55 மோசமான எண் இல்லை. ஆனாலும் பத்தில் ஒரு நொடி படம் நின்றதைக் கண் பிடித்துவிடும், சுடும் இடத்தில் நின்றால் ஆளே காலி. அதனால் சராசரி எண்ணைப் பார்த்து எதற்குத் திராணி இல்லை என்று தீர்மானிக்க முடியாது, திக்கல் எப்போது வருகிறது என்று பார்க்க வேண்டும். நீ எழுதியிருக்கிறாய்: முதல் இருபது நிமிஷம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, அப்புறம்தான் தொல்லை. சாயங்காலம் ஐந்திலிருந்து ஒன்பது வரை ரொம்ப மோசம், நடுராத்திரிக்கு மேல் சரியாகிவிடுகிறது. மார்கழியில் இந்தத் தொல்லையே இல்லை. ரெசல்யூஷனை 1080-இலிருந்து 720-க்கு இறக்கியும் மாற்றமில்லை. கடைசியாகச் சொன்னது முக்கியம். ரெசல்யூஷனைக் குறைத்தால் கார்டின் வேலை பாதிக்கு மேல் குறைந்துவிடும். கார்டு திணறியதுதான் காரணம் என்றால் அந்த நிமிஷமே திக்கல் குறைந்திருக்க வேண்டும், குறையவில்லை. இருபது நிமிஷம் கழித்து வருவது, வெயிலோடு வருவது, பனியோடு போவது, இவை மூன்றும் காட்டுவது ஒன்றைத்தான். உன் பெட்டி சூட்டில் தவிக்கிறது.

பிராசஸர் மேல் இருக்கும் கூலர் எதையும் குளிர வைப்பதில்லை. சிப்பின் சூட்டை அறைக் காற்றில் கொட்டுகிறது, அவ்வளவுதான். அறைக்கும் சிப்புக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைத்தான் அதனால் கட்டுப்படுத்த முடியும். அறை 28 டிகிரியில் சிப் 80-இல் நின்றால் வித்தியாசம் 52. அதே அறை 42 டிகிரியானால் சிப் 94-க்கு வந்துவிடும். உன் ரைசன் 5 3600-க்கு வரம்பு 95. அதைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விடியற்காலையில் திருத்தணி மலைக்கு ஓடி ஏறுகிறவன் கத்திரி வெயிலில் அதே 365 படிகளைப் பாதி வேகத்தில் ஏறுகிறானே, அதுபோல. கால் அதே கால்தான். நம் ஊர் வெயிலை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, கோடையில் வானிலைச் செய்தியில் திருத்தணி பெயர் வராத வாரம் குறைவு. உன் அறையோ மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிறது. பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் அதை ராத்திரி வரைக்கும் உள்ளேதான் இறக்கும், பொழுது சாய்ந்த பிறகும் திக்குவதற்கு அதுதான் காரணம். போதாததற்குத் திருப்பதி ரோட்டுப் புழுதி. பிராசஸரோடு பெட்டியில் வந்த அந்தச் சின்னக் கூலரின் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும். கோபம் தணிந்து முருகன் உட்கார்ந்த ஊர் என்பார்கள், அந்த ஊரில் அந்தப் பெட்டிக்கு மட்டும் ஒரு நிழல் இல்லை.

கேமுக்கு முதலில் மாற்ற வேண்டியது கார்டுதான் என்று ரிச்சி தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள் என்பாய். பொதுவாக அது சரிதான், அவர்களைக் குறை சொல்லவில்லை. உன் 1650 கார்டில் இருக்கும் 4 ஜிபி இன்றைய பெரிய கேம்களுக்குப் போதாது என்பதும் உண்மை. ஆனால் அந்தக் குறை முதல் நிமிஷத்திலேயே தெரியும், மார்கழியிலும் தெரியும். இன்னொன்றையும் யோசி. 1650 இழுப்பது 75 வாட், 3060 இழுப்பது 170 வாட். இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். ஏற்கெனவே வெந்துகொண்டிருக்கும் பெட்டிக்குள் கிட்டத்தட்ட ஒரு 100 வாட் குண்டு பல்பைக் கூடுதலாக எரியவிடப் போகிறாய். 3060-க்கு 550 வாட் பவர் சப்ளை வேண்டும் என்று என்விடியாவே சொல்கிறது. உன்னிடம் இருப்பது கேபினட்டோடு சேர்த்துக் கொடுத்த பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ். அது போனால் தனியாகப் போகாது, மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். பழைய கார்டு என்பதிலும் ஒரு பயம் இருக்கிறது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயத்துக்கு கார்டு வைத்து மைனிங் செய்யும் முறை நின்றுபோன பிறகு, ராப்பகலாக ஓடிய கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. துடைத்து பாலித்தீன் உறையில் போட்டால் எது எங்கே ஓடியது என்று யாருக்குத் தெரியும்? வாரன்ட்டி இல்லாத பொருளுக்குக் கடன் வாங்குவது, மாப்பிள்ளை, எனக்கு எந்தக் காலத்திலும் சரியாகப் பட்டதில்லை. பொருள் போன பிறகும் கடன் நிற்கும். பைக் விஷயத்திலும் நான் சொன்னது இதைத்தான், அன்றைக்கு யார் காதிலும் ஏறவில்லை.

ரேம் இப்போது வேண்டாம். 16 ஜிபி ஒரே ஸ்டிக்காக இருப்பதற்குப் பதில் இரண்டாக இருந்தால் கொஞ்சம் நல்லதுதான், ஆனால் 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை வாரிக்கொண்டு போனதில் விலை ஏறிக் கிடக்கிறது. பிராசஸரும் காத்திருக்கலாம், தேவைப்பட்டால் பயாஸ் அப்டேட் செய்து அதே போர்டில் ரைசன் 5 5600 போட்டுக்கொள்ளலாம். ஏசி வைத்தால் எல்லாம் தீரும் என்பாய். தீரும். ஆனால் அந்தக் காசு கார்டு விலையை மிஞ்சும், இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கரன்ட் பில்லின் அடுக்கே மாறிவிடும். அதைக் கட்டப்போவது அக்காதான்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், அளந்து பார். நாளைச் சாயங்காலம் ஆறு மணிக்கு கேபினட்டின் பக்கத்துத் தகட்டைக் கழற்றிவிட்டு, டேபிள் ஃபேனை ஒரு கையளவு தள்ளி வைத்து நேராக வீசவிட்டு ஒரு மணி நேரம் ஆடு. டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் வேகத்தைக் கவனி, ஃபேன் இல்லாமல் ஆடும்போதும் ஒரு முறை பார்த்துக்கொள். வழக்கமாகத் திக்கும் நேரத்தில் 3.6 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே சரியும் வேகம், ஃபேன் காற்றில் 4-ஐ ஒட்டி நின்று, திக்கலும் போய்விட்டால் நோய் தெரிந்துவிட்டது. போகவில்லை என்றால் நான் சொன்னது தப்பு, கார்டைப் பற்றி மறுபடி பேசலாம். இந்தச் சோதனைக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. இன்னொன்று, நடுராத்திரிக்கு மேல் நன்றாக ஓடுகிறது என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் நான் யோசித்தது கம்ப்யூட்டரைப் பற்றி இல்லை. அந்த நேரத்தில் நீ ஏன் விழித்திருக்கிறாய்? செமஸ்டர் நெருங்குகிறது, காலையில் ஏழு மணி ரயிலைப் பிடிக்க வேண்டியவன் நீ. சாயங்காலமே பெட்டி ஒழுங்காக ஓடினால் ஒன்பதுக்கு அணைத்துவிட்டுப் படுக்கலாம். உண்மையைச் சொன்னால், சூட்டைத் தணிக்கச் சொல்லி நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ரொம்பத் திட்டிவிட்டேனோ என்று இருக்கிறது. வீட்டில் கம்ப்யூட்டரைத் தானே பிரித்து மாட்டத் தெரிந்தவன் நீ ஒருவன்தான், அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உன்னிடம் சொன்னதே இல்லை. 120 மில்லிமீட்டர் ஃபேன் வைத்த டவர் கூலர் ஒன்று, முன்பக்கம் காற்றை இழுக்க இரண்டு ஃபேன், நல்ல தெர்மல் பேஸ்ட், எல்லாம் என் செலவு. ஆடிக் கிருத்திகை வரை காத்திருக்க வேண்டாம், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கொண்டுவருகிறேன். எஸ்எம்பிஎஸ்ஸையும் நானே மாற்றித் தருகிறேன். அதற்கப்புறமும் கார்டு வேண்டும் என்று தோன்றினால், கடையில் பில்லோடு புதிதாக வாங்கு, பாதிப் பணம் நான் போடுகிறேன், அக்காவுக்குத் தெரிய வேண்டாம். அந்தக் கைமாற்றை மட்டும் இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடு. டவர் கூலர்கள் 155, 160 மில்லிமீட்டர் உயரம் இருக்கும், பிராசஸரின் மேற்புறத்திலிருந்து பக்கத்துத் தகடு வரைக்கும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து வெள்ளிக்கிழமைக்குள் சொல்.

அன்புடன்,
உன் மாமா