மடக்குக் கத்தி வாங்கும்போது...

பழைய பாணி மடக்குக் கத்திக்குப் பூட்டு கிடையாது. முதுகில் உள்ள வில்பட்டைதான் அலகை நிறுத்தி வைக்கிறது. அதைச் சோதிக்காமல் வாங்காதீர்கள்.

1. அலகின் பள்ளத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்துத் திறந்து பாருங்கள். கடைசியில் 'டக்'கென்று விழ வேண்டும். நான் முதலில் பார்ப்பது இதைத்தான். மெத்தென்று நின்றால் வில் தளர்ந்தது, வெட்டும்போது விரல்மேல் மடங்கிவிடும். நகம் பிய்யுமளவு இறுக்கமும் வேண்டாம், ஈரக்கையில் வழுக்கும்.

2. திறந்த அலகைப் பக்கவாட்டில் அசையுங்கள். ஆடினால் மூட்டு ஆணி சரியில்லை.

3. முதுகை வெளிச்சத்தில் பிடியுங்கள். வில்லோரம் இடைவெளி தெரிந்தால் அழுக்கும் ஈரமும் புகும்.

4. மூடுகையில் விரல்களை விலக்கிக்கொள்ளுங்கள். பலமான வில் அலகைச் சட்டென்று உள்ளே இழுக்கும்.

5. வாங்கிய பிறகு மூட்டில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுக்காகிவிடும்.